இரண்டு மணியிலிருந்து மூன்றே முக்கால் வரை

மார்லிஸ் டீக்ஹாஃப் ஆளெடுக்கும்போது இரண்டே கேள்விதான் கேட்பாள். "பாத்திரம் கழுவியிருக்கியா? சனிக்கிழமை வருவியா?" முதல் கேள்விக்குப் பாதிப் பேர் பொய் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத பிள்ளைகள்தான் கடல் தாண்டிப் படிக்க வருகிறவர்களில் அதிகம். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. கழுவுவதை ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். சனிக்கிழமை வருவதைப் பழக்க முடியாது.

ஃபுட்பால் ஆட்டம் இருக்கிற சனிக்கிழமையில் அந்த அயோவா ஊரே பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அன்று காலையில் கூண்டோடு காய்ச்சல் வரும். எட்டு மணிக்குள் பத்துப் பேராவது போன் பண்ணி இருமிக் காட்டுவார்கள். பதினோரு மணிக்கு அதே பத்துப் பேரும் முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்து ஜன்னலைக் கடந்து கத்திக்கொண்டு போவார்கள். மார்லிஸ் கையை ஆட்டுவாள். அவர்களும் வெட்கமில்லாமல் கையை ஆட்டுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளோ பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. உள்ளே கிடைக்கிற வேலைதான் வேலை. அது தெரிந்துதான் அவள் அவர்களை எடுத்தாள். அதில் பாசமும் இருந்தது, தந்திரமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவள் என்றைக்கும் பிரித்துப் பார்த்ததில்லை.

அவளே அந்தக் கூடத்துக்கு இருபது வயதில் வந்தவள்தான். சோளக்காட்டு நடுவிலிருந்த பண்ணையை அப்பா விற்ற வருஷம், தலையில் வலையை மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு மசியலைத் தட்டுத் தட்டாக அள்ளிப் போட வந்தாள். முப்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. கரண்டி போய்க் கம்ப்யூட்டர் வந்தது. மாணவர்களை வேலைக்கு எடுத்து, நேரம் போட்டு, மேய்க்கிற பொறுப்பு அவளுடையது. பாத்திரம் கழுவும் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி பதித்த ஒரு கதவு. கழுவும் மிஷினின் ஆவியில் அந்தக் கண்ணாடி எப்போதும் பாதி மங்கலாகவே இருக்கும்.

பிள்ளை இல்லை. அதற்காக யாராவது 'உச்' கொட்டினால், "எனக்கு வருஷத்துக்கு அறுபது பிள்ளைங்க. எல்லாம் பதினெட்டு வயசுல பொறக்குது. டயபர் மாத்தற வேலையே இல்லை" என்பாள். வீட்டில் கணவன் வெர்ன் மட்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு உயிரோடிருக்கிற மனிதன். அந்த வைத்தியம் முழுக்க அவளுடைய வேலையோடு வருகிற காப்பீட்டில் ஓடியது. வேலை போனால் என்ன ஆகும் என்று அவள் யோசிப்பதே இல்லை. யோசித்தால் தூக்கம் போய்விடும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் ஒரே ஒரு சட்டம்தான் கழுத்துக்கு மேல் தொங்குகிற கத்தி. வகுப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷமும் ஆகாது. உள்ளூர்ப் பையன் முப்பது மணி நேரம் உழைத்தாலும் கேட்பாரில்லை. வெளிநாட்டுப் பையன் இருபதைத் தாண்டினால் அவன் இங்கே இருப்பதே சட்டவிரோதமாகிவிடும். அதற்கு மேற்பார்வையாளர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நேரம் முடிந்ததும் பையன் கார்டைத் தேய்த்து வெளியே போனதாகக் காட்டிவிட வேண்டும். பிறகு உள்ளே வந்து மிச்ச வேலையை முடிக்க வேண்டும். அந்த நிமிஷங்களை மேற்பார்வையாளர் அடுத்த வாரத்துக்கு நகர்த்திவிடுவார். நிமிஷத்தை நகர்த்துவது என்றே அதற்குப் பெயர். எங்கும் எழுதி வைக்காத ஏற்பாடு. எல்லாக் கூடத்திலும் நடந்தது. யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

பிஷேஷ் தபலியா அதைத் தப்பு என்று நினைக்கிற பையன்.

நேபாளத்தில் பொகராக்காரன். மண்ணைப் பற்றிப் படிக்க வந்தவன். பேராசிரியருடைய சோதனைச்சாலையில் அவனுக்கென்று ஓர் இடம் இருந்தது. ஒல்லி, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கோப்பைகளை அடுக்கினால் எல்லாக் கைப்பிடியும் ஒரே பக்கம் பார்க்கும்படிதான் அடுக்குவான். முதல் நாளே "பாத்திரம் கழுவியிருக்கியா?" என்ற கேள்விக்கு, "இல்ல மேடம். எங்கக்கா கழுவுவா. நான் பாத்திருக்கேன்" என்று சொன்னவன். பொய் சொல்லாத முதல் ஆள் என்று மார்லிஸ் சிரித்துக்கொண்டே அவனுடைய வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்த ஊர் வழக்கப்படி சில்லிக் குழம்போடு இனிப்பான இலவங்கப்பட்டை ரோலை வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து அவன் முகம் போன போக்கை வருஷம் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அக்டோபரில் அந்தச் சனிக்கிழமை வந்தது. பெரிய ஆட்டம். ஆறு பேருக்கு வேலை போட்டிருந்த பாத்திர அறையில் இரண்டு பேர் நின்றார்கள். பிஷேஷுக்கு மதியம் இரண்டு மணியோடு சரியாக இருபது மணி நேரம் நிறைந்தது. இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எச்சில் ட்ரேக்களைக் கொண்டுவருகிற பெல்ட் சிக்கிக்கொண்டு நின்றது. எச்சில் ட்ரேக்கள் சுவரோரம் தோளுயரத்துக்கு நின்றன.

"கண்ணு, இதை இப்படியே விட்டுட்டுப் போனா நான் செத்தேன். கொஞ்ச நேரம் இரு" என்றாள் மார்லிஸ்.

"மேடம், இன்னிக்கு எனக்கு இருபது முடிஞ்சுது."

"தெரியும். கார்டைத் தேய்ச்சிட்டு வந்து முடிச்சுக் குடு. நான் திங்கக்கெழமை பாத்துக்கறேன்."

அவன் தயங்கினான். தலையை ஆட்டினான். வேலை முடித்து அவன் கிளம்பும்போது மணி மூன்றே முக்கால். கார்டை அப்போதுதான் தேய்த்தான். உள்ளே நின்றுகொண்டே வெளியே போனதாகக் காட்டுவது ஏமாற்று வேலை என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. இருபத்தொன்றே முக்கால் மணி நேரம் அவன் பெயரில் பதிவானது.

திங்கட்கிழமை காலையில் வெர்னை ஆஸ்பத்திரியில் விடவேண்டிய அவசரம். அறுபது பேருடைய நேரத்துக்கும் ஒரே பட்டனில் ஒப்புதல் கொடுத்துவிட்டு மார்லிஸ் ஓடினாள். அவன் வரியைப் பார்க்கவே இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில் பிஷேஷ் இருபது மணி நேரத்தைத் தாண்டியது பற்றி வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தம்முடைய மேற்பார்வையாளர் இருக்கச் சொன்னதால் இருந்ததாக மாணவர் சொல்கிறார், அது உண்மையா என்று கேட்டிருந்தார்கள். ஒரு வரியில் பதில் போதும் என்றார்கள். சட்டத்தை மீற விடுகிற மேற்பார்வையாளர் வேலையில் இருக்க மாட்டார் என்று போன வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. மார்லிஸ் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரே வரி எழுதினாள். 'இருபது மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லா மாணவரிடமும் நான் எப்போதும் சொல்லி வருகிறேன்.'

அந்த வரியில் பொய் என்று ஒரு சொல் கிடையாது. அதற்காகத்தான் அதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

விசா ரத்தாகி, பத்து நாளில் பிஷேஷ் ஊருக்குப் போய்விட்டான். கிளம்புகிற அன்று வந்து ஏப்ரனைத் துவைத்து மடித்துக் கொடுத்தான். "மேடம், நீங்க அவங்ககிட்ட சொல்லியிருப்பீங்க. அவங்கதான் கேக்கல போல" என்றான். மார்லிஸ் அவனைக் கட்டிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

டிசம்பர் இருபதாம் தேதிக்குப் பிறகு வளாகம் காலியாகிவிடும். மூன்று வாரம் விடுமுறை. ஊர்ப் பிள்ளைகளை அப்பா அம்மா வந்து காரில் அள்ளிக்கொண்டு போவார்கள். மிச்சமிருப்பது போக வழியில்லாத வெளிநாட்டுப் பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர். அவர்களுக்காக ஒரே ஒரு கூடம், மதியம் மட்டும் திறந்திருக்கும். பதினொன்றரைக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கெல்லாம் முடிந்துவிடும். இரண்டு மணிக்கு எல்லா மிஷினையும் நிறுத்தியாக வேண்டும். வெளியே முழங்கால் வரை பனி கிடக்கும். மதியம் மூன்றுக்கே வெளிச்சம் சாம்பல் நிறமாகிவிடும்.

விடுமுறையின் முதல் திங்கட்கிழமை, இரண்டு மணிக்கு மார்லிஸ் தன் அறையில் இருந்தாள். வேலைக்கு வந்த நோமின் பாத்திர அறையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். நோமின் மங்கோலியப் பெண், நல்ல வாய். முன்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சுவரில் இருந்த வருகை மிஷின் 'பீப்' என்றது. யாரோ கார்டைத் தேய்த்தால் வருகிற சத்தம்.

"என்னத்த மறந்துட்டுப் போன?" என்று மார்லிஸ் கத்தினாள்.

பாத்திர அறையில் பெல்ட் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் பீச்சியடிக்கிற சத்தம். ட்ரேக்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம். கதவுக் கண்ணாடியில் ஆவி ஏறியது. மார்லிஸ் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. பெல்ட் நின்றிருந்தது. மேஜை மேல் கோப்பைகள் ஈரமாக, சூடாக இருந்தன. கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன.

நோமின் அப்படி அடுக்கமாட்டாள். நோமின் அடுக்கினால் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும்.

வருகை மிஷினின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது. 'வணக்கம், பிஷேஷ்.' கீழே நேரம்: 2:00. மார்லிஸ் அதையே பார்த்தாள். அவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்ததே அவள்தான். மிஷினுக்குக் குளிரில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டாள். கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, சிங்க்கில் தட்டைக் கழுவும்போது தண்ணீர்ச் சத்தம் பொறுக்காமல் குழாயை மூடிவிட்டாள். வெர்ன் நாற்காலியிலிருந்து, "தட்டு உன்னை ஏதாவது பண்ணுச்சா?" என்றான்.

மறுநாளும் இரண்டு மணிக்கு பீப் என்றது. அதற்கு மறுநாளும். மின்சாரக்காரரைக் கூப்பிட்டுப் பெல்ட்டைப் பார்க்கச் சொன்னாள். ஒன்றும் இல்லை, புத்தம் புதுசு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு ரோல் ஒன்றைத் தின்றுவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை அவள் கதவைத் திறக்கவில்லை. எழுந்து போய்க் கண்ணாடியை மட்டும் உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தாள்.

அவன் இருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு, நீல ஏப்ரனோடு, இடது தோளை இறக்கிக்கொண்டு. பெல்ட் வாயில் தொங்குகிற ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு வருகிற ட்ரேக்களை ஒவ்வொன்றாக எடுத்தான். எங்கிருந்து அத்தனை எச்சில் ட்ரே வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அன்று சாப்பிட்டவர்கள் நாற்பத்திரண்டு பேர். திரைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் வந்துகொண்டேயிருந்தன. பச்சைக் காகிதக் குவளைகள், ஆட்ட நாளில் மட்டும் கொடுக்கிற குவளைகள், ட்ரேக்களில் நசுங்கிக் கிடந்தன.

மார்லிஸ் பின்னால் நகர்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். மூன்றே முக்காலுக்குச் சத்தம் நின்றது.

அவளுக்கு வந்த முதல் எண்ணம் அவன் செத்துப்போயிருப்பான் என்பதுதான். நம்மால்தான் என்பது இரண்டாவது. இரண்டையும் யாரிடமும் சொல்ல முடியாமல் சனி, ஞாயிறு முழுக்கத் திண்டாடினாள்.

திங்கட்கிழமை நோமின் பால் மிஷினிலிருந்து ஒரு டம்ளர் பாலைப் பிடித்து, விரலால் தொட்டுப் பாத்திர அறை வாசலில் சொட்டுச் சொட்டாகத் தெறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்ன பண்ற? தரையெல்லாம் வழுக்கப் போகுது" என்றாள் மார்லிஸ்.

"எங்கம்மா வழியில போறவங்களுக்கு இப்படித்தான் தெளிப்பாங்க. இங்க ஒருத்தன் தெனம் வர்றான் இல்ல, அவனுக்கு."

துடைப்பத்தை எடுக்கப் போன மார்லிஸ் திரும்பினாள். "யாரு வர்றா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. போன வாரம் குல்லாயை மறந்துட்டு நான் திரும்பி வந்தேன். நீங்க கதவைப் பாத்துக்கிட்டு காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நானும் அந்தக் கண்ணாடியில பாத்தேன். குல்லாயும் வேணாம் ஒன்னும் வேணாம்னு ஓடிட்டேன்."

"நோமின்... அவன் செத்துட்டானா?"

நோமின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "செத்தவனா நேத்து எனக்கு எருமைப் படம் அனுப்பினான்? அவன் பொகராவுல அவங்கக்கா வீட்டுல இருக்கான், மார்லிஸ். நல்லா சோறு தின்னுக்கிட்டு."

"அப்ப இது யாரு?"

"அவன்தான்" என்றாள் நோமின், சிரிப்பை விட்டுவிட்டு. "காலைல எந்திரிச்சா கைவிரல் எல்லாம் தண்ணியில ஊறின மாதிரி சுருங்கிக் கெடக்குதாம். கிருமிநாசினி வாசனை வருதாம். ராத்திரி பூரா ட்ரே கழுவற கனவாம். எவ்வளவு தூங்கினாலும் அசதி போகலையாம். அவங்கக்கா டாக்டர்கிட்டயெல்லாம் கூட்டிட்டுப் போனாளாம். நம்மளுக்கு இங்க ரெண்டு மணின்னா அவனுக்கு அங்க நடுராத்திரி தாண்டி ஒன்னே முக்கா. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

மார்லிஸ் வருகை மிஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

"கனவுல கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நிப்பாங்களாம். உள்ள வராம போயிடுவாங்களாம்" என்றாள் நோமின். டம்ளரில் மிச்சமிருந்த பாலை அவளே குடித்தாள். "அவன் உங்க மேல கோவமே படமாட்டேங்கறான். அதான் எனக்குக் கோவம் கோவமா வருது. அந்த ஆபீஸ்ல உங்களைக் கேட்டாங்களா இல்லையா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

மார்லிஸ் அந்த ஒரு வரியை அப்படியே சொன்னாள். நோமின் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். நன்றாகத் துடைத்தாள். "அழகா எழுதியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி மார்லிஸ் வெர்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ட்ரேயைப் பற்றி, கண்ணாடியைப் பற்றி, அந்த வரியைப் பற்றி. வெர்ன் ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த கையைத் தடவிக்கொண்டான்.

"எனக்காகத்தான் எழுதினேன்னு சொல்லிடாதே. அந்தப் பாரத்தை என் தலையில ஏத்தாதே. ஏற்கெனவே ரெண்டு கிட்னி இல்லாதவன் நான்" என்றான்.

"வேலை போயிடும் வெர்ன்."

"போகட்டும். நீ வீட்டுல இருந்து சமைச்சா நான் சீக்கிரமா செத்துடுவேன். செலவு மிச்சம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "போய்ச் சொல்லு மார்லிஸ். இப்படி நீ தூங்காம புரண்டா என்னாலயும் தூங்க முடியல."

ஜனவரி மூன்றாம் தேதி அலுவலகம் திறந்தது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் லோவெல் என்று ஒருத்தர் அவளை உட்கார வைத்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். அவள் கையால் எழுதிக் கொண்டுபோன இரண்டு பக்கத்தையும் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நவம்பர்ல இதைக் குடுத்திருந்தீங்கன்னா, நாங்களே பதிவைத் திருத்தி அனுப்பியிருப்போம்" என்றார். "மேற்பார்வையாளர் தப்புன்னா அதுக்கு வழி இருந்துச்சு. பையன் இங்கயே இருந்திருப்பான்."

"இப்ப?"

"அவன் நாட்டை விட்டுப் போயாச்சு. விசா ரத்தாயிடுச்சு. சோதனைச்சாலை இடத்தைப் பேராசிரியர் வேற ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டாரு. முதல்லருந்து விண்ணப்பிக்கலாம். ஒரு தடவை ரத்தானவனுக்கு மறுபடி கெடைக்கறது..." அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "இந்தக் கடிதத்தை உங்க துறைக்கு நான் அனுப்பியாகணும். தெரியும்ல?"

"அனுப்புங்க" என்றாள் மார்லிஸ்.

மேலதிகாரி கர்ட் அன்றே வந்துவிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். வெள்ளிக்கிழமைக்குள் சாவிகளை ஒப்படைக்கச் சொன்னார். முப்பத்தெட்டு வருஷத்தை ஒரு நிமிஷத்தில் பேசி முடித்தார். போகும்போது, "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? யாரும் மறுபடி கேக்கலையே" என்றார். அதை அவர் அன்போடுதான் சொன்னார். அதனாலேயே மார்லிஸுக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

வியாழக்கிழமை மதியம் அவள் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு பீப் என்றது. பெல்ட் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் அட்டைப்பெட்டியில் சாமானை எடுத்து வைப்பதுபோலப் பாவனை செய்தாள். எடுத்து வைத்ததையே திரும்ப வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு நோமின் எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

வெகுநேரம் மணி அடித்தது. தூக்கக் குரலில் ஒரு பெண் எடுத்தாள். பிஷேஷின் அக்கா ரோஜினா.

"பிஷேஷ்கிட்டப் பேசணும். அமெரிக்காவிலருந்து பேசறேன். நடுராத்திரியில எழுப்பறதுக்கு மன்னிச்சிரு" என்றாள் மார்லிஸ்.

"அவனா? இந்த நேரத்துல அவனை எழுப்ப முடியாதுங்க. ஒன்னே முக்காலுக்குக் கட்டை மாதிரி ஆயிடறான். தண்ணி தெளிச்சுப் பாத்துட்டோம், உலுக்கிப் பாத்துட்டோம். கை மட்டும் ஆடிக்கிட்டே இருக்கும். மூணரைக்குத்தான் நிக்கும். நீங்க யாரு?"

"மார்லிஸ். அவன் வேலை பாத்த எடத்துல..."

"மார்லிஸ் மேடமா!" அந்தப் பெண்ணின் குரலில் தூக்கம் போய்விட்டது. "உங்களைப் பத்தி எவ்வளவு சொல்லியிருக்கான்! நீங்க மட்டும்தான் அவனுக்காகப் பேசினீங்கன்னு சொன்னான்."

மார்லிஸ் அட்டைப்பெட்டியை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். "போனை வைக்காதே கண்ணு" என்றாள். "அவன் பக்கத்துல போய் நில்லு."

போனைக் காதில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். இந்தத் தடவை அறை காலியாகவில்லை. ஆவி முகத்தில் அடித்தது. அவன் நின்றான். ட்ரேயை எடுத்து, எச்சிலைத் தட்டி, தண்ணீர் அடித்து, அடுக்கினான். திரைக்குப் பின்னாலிருந்து அடுத்தது வந்தது. அவள் சுற்றிப் போய் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்கள் இரண்டும் மூடியிருந்தன. நல்ல தூக்கத்தில் இருக்கிற பையனின் முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. கைகள் மட்டும் விழித்திருந்தன.

மார்லிஸுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. சிவப்புப் பட்டனை அழுத்திப் பெல்ட்டை நிறுத்தினாள். தண்ணீரை நிறுத்தினாள். அப்போதும் அவன் கைகள் நிற்கவில்லை. இல்லாத ட்ரேயைத் தூக்கின, இல்லாத எச்சிலைத் தட்டின. போனில் ரோஜினா, "கை ஆடுது, மேடம், பாக்கவே பயமா இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

"பிஷேஷ்" என்றாள் மார்லிஸ். "நான் அவங்ககிட்டச் சொல்லல. கேக்குதா? கேட்டாங்க. நான் சொல்லல. உன்னை இருக்கச் சொன்னது நான். என் வேலை போயிடும்னு பயந்துக்கிட்டு, ஒரு வரி எழுதித் தப்பிச்சுக்கிட்டேன். இப்ப உண்மையை எழுதிக் குடுத்துட்டேன். லேட்டாயிடுச்சு. உன் எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. நீ இனிமே திரும்பி வர முடியாது. நீ எவ்வளவு கழுவினாலும் முடியாது. அதுக்குக் காரணம் நான்தான்."

கைகள் நின்றன. ஒரு ட்ரேயைப் பிடித்த மாதிரி, நெஞ்சுக்கு நேரே, அந்தரத்தில் நின்றன. அவன் கண்களைத் திறந்தான். அவளைப் பார்த்தான். அவ்வளவு பக்கத்தில் அவள் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை, யாரும் அவளை அப்படிப் பார்த்ததும் இல்லை.

போனில் ரோஜினா கத்தினாள். "எந்திரிச்சிட்டான்! மேடம், எந்திரிச்சு உக்காந்துட்டான்!"

போனை ஒரு நொடி பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது அறையில் யாரும் இல்லை. தரையில் தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும் கேட்டது. போனில் ஏதோ தேய்ந்தது, கை மாறியது. யாரோ பெருமூச்சு விட்டுவிட்டு அழுதார்கள். கொஞ்ச நேரம் அழுகை மட்டும்தான். மார்லிஸ் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"மேடம்" என்றான் பிஷேஷ். குரல் கட்டியிருந்தது. "எல்லாத்தையும் முடிச்சிட்டா விட்டுடுவாங்க, திரும்ப வரலாம்னு நெனச்சேன். முடிக்கவே முடியல. வந்துக்கிட்டே இருந்துச்சு."

"தெரியும். பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ரெண்டு வாரமா."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. அவன் மூக்கை உறிஞ்சினான்.

"நவம்பர்லயே சொல்லியிருக்கலாமே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கில் எங்கே தப்பு வந்தது என்று கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டான்.

"ஆமா" என்றாள் மார்லிஸ். "சொல்லியிருக்கலாம்."

அவன் வைக்கிற வரைக்கும் அவள் போனை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.